கோமுவுக்குக் கொடுக்காத மாத்திரை

மாத்திரை தின்றால் என் மகளுக்குத் தமிழ் மறந்துபோகும் என்று நம்பினேன் நான்.

சிரியுங்கள். நானும் சிரித்திருக்கிறேன். பட்டதாரி, மத்திய அரசில் கோப்பு தள்ளுகிறவன், உள்ளே நுழைந்தாலே 'ஆ கயா ஜோக்கர்!', கோமாளி வந்துட்டான் என்று செக்‌ஷனே நாற்காலியைத் திருப்பிப் போடும்... அப்பேர்ப்பட்டவன் நம்பியது இது!

நம்பியதோடு நின்றிருந்தால் இதுவும் ஒரு ஜோக்காகப் போயிருக்கும். டாக்டர் தந்த மாத்திரையை ஒளித்துவிட்டு, பதிலுக்குக் கால்சியம் மாத்திரையைக் கொடுத்தேன். பதின்மூன்று வருடமாக என் மனைவிக்கே இது தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், தில்லி சரோஜினி நகரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். கோமுவுக்கு ஒன்பது வயது. தோசைக்கு உட்காருவாள், பாதித் தோசையில் வேப்பமரத்தில் இருப்பாள். தயிர் வாங்க அனுப்பினால் தூக்குவாளியும் இல்லாமல், தயிரும் இல்லாமல், யாரோ வீட்டு நாய்க்குட்டியோடு வருவாள். வகுப்பில் பாடம் நடக்கும்போதே எழுந்து உலா போவாள்.

தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை கடைசியில் சொல்லிவிட்டார்: "அரைப் பரீட்சை வரைக்கும் பாக்கறேன் சார். அப்பவும் இவ பெஞ்சுல உக்காரலேன்னா நீங்க வேற ஸ்கூல் பாத்துக்குங்க."

வேறு ஸ்கூல் என்றால் ஹிந்தி ஸ்கூல். எங்கள் கைக்கு எட்டியது அதுதான்.

என் மனைவி சாந்தா யார் யாரையோ விசாரித்து ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், கவனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, அவ்வளவே என்றார். பிறகுதான் குண்டைப் போட்டார்: இது அடக்குகிற மருந்து அல்ல, ஊக்குகிற மருந்து!

ஊக்கவா? இவளையா? ஓடுகிற பஸ்ஸைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்கிறாரே மனிதர்!

மறுநாள் பக்கத்து இருக்கை சர்மாவிடம் புலம்பினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஹிந்தியில் சொன்னது இது: "மூளையும் நம்ம ரெக்கார்டு ரூம் மாதிரிதான் பாய் சாப். மருந்து போய் ஒழுங்குபடுத்தும்போது, அதிகம் புழங்காத ஃபைலைக் கழிச்சிடும்."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். நானோ வருடாவருடம் பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டும் வேலையைச் செய்கிறவன்! எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. கோமுவின் தலையில் அதிகம் புழங்காத ஃபைல் எது? விளையாட்டு ஹிந்தியில், சண்டை ஹிந்தியில், தூக்கத்தில் உளறுவதும் ஹிந்தியில்... தமிழ்தானே முதலில் கழியும்!

மாத்திரை ஆரம்பித்தது. காலையில் கொடுப்பது என் பொறுப்பு. நானும் ஒழுங்காகத்தான் கொடுத்தேன்... கொடுத்துவிட்டு, 'ஐப்பசிக்கு அப்புறம் என்ன மாசம்?' 'சித்தப்பா பொண்டாட்டி உனக்கு என்ன வேணும்?' என்று போலீஸ்காரனைப் போலக் குடைந்துகொண்டே இருந்தேன். கோமு சோற்றைக் குறைத்தாள். அமைதியானாள். ஒரே இடத்தில் உட்கார்ந்தாள். வீடு வீடாகவே இல்லை.

பதினோராம் நாள் மாலை அவளுக்கு ஒரு ஜோக் சொன்னேன். எப்போதும் நான் வாயைத் திறக்குமுன் உருண்டு சிரிப்பவள், நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, இத நேத்தே சொல்லிட்டீங்க."

சமாளிக்க, "சரி, மார்கழிக்கு அப்புறம் என்ன மாசம், சொல்லு பாப்போம்" என்றேன்.

"பதா நஹீ அப்பா! டிஸ்டர்ப் பண்ணாதீங்க, படிக்கேன்லா."

தெரியாதாம்! அதையும் ஹிந்தியில் சொல்கிறாள்! போச்சு, மருந்து தமிழ் ஃபைலைக் கழிக்க ஆரம்பித்துவிட்டது...

ஒன்று சொல்கிறேன். அப்போது அவள் மடியில் விரித்து வைத்திருந்தது தமிழ்ப் பாடப்புத்தகம். விரல் வைத்து வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

மறுநாளிலிருந்து கால்சியம். அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். நிஜ மாத்திரைகளைத் தூக்கி எறிந்தேனா? இல்லை! உத்தரவில்லாமல் எதையும் அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு கவரில் போட்டு, 'பரிசீலனையில்' என்று எழுதி, ஆபீஸ் டிராயரில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு குறுகுறுப்பில், அதிலிருந்து ஒன்றை நானே விழுங்கினேன். செத்துவிடுவேன் என்று நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாகவில்லை. டீக்கு எழுந்துபோகாமல், ஜன்னலைப் பார்க்காமல், மாதக்கணக்கில் தூங்கிய மூன்று கோப்புகளை மதியத்துக்குள் முடித்தேன்! படித்த வரி படித்த இடத்திலேயே நின்றது. என் வாழ்க்கையில் அப்படி நின்றதில்லை. செக்‌ஷன் ஆபீசர் பயந்துபோய், "தபியத் டீக் ஹை நா?" என்று உடம்பை விசாரித்தார்.

ஒரு தமிழ்ச் சொல்கூட மறக்கவில்லை.

ஆக, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் அவளுக்குத் திரும்பக் கொடுக்கவில்லை?

சாந்தாவிடம் சொல்ல வேண்டியிருக்குமே! இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்... இதற்குள் கோமு மறுபடி மரம் ஏறினாள். என் பழைய ஜோக்குக்கு மறுபடி உருண்டு உருண்டு சிரித்தாள். நான் பயந்தது தமிழ் போய்விடும் என்றுதானா? இல்லை, எனக்கு இருந்த ஒரே உண்மையான ரசிகை போய்விடுவாள் என்றா? இன்றுவரை இந்தக் கேள்வியை நான் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்ததில்லை. உட்காரவே வருவதில்லையே எனக்கு!

அடுத்த முறை டாக்டரிடம் போனோம். சாந்தா கண் கலங்கினாள். "மொதல்ல நல்லாத்தான் இருந்தா. பொறவு மாத்திரை கேக்கல. நாந்தான் சாப்பாட்டுல ஏதும் தப்பா குடுத்துட்டனோ?"

டாக்டர் அளவைக் கூட்டிப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார்.

"ஒத்துக்கலேன்னா விட்டுருவோம்" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

அரைப் பரீட்சையின் இரண்டாம் நாள், மதில்மேல் குரங்குக் கூட்டம் வந்ததென்று கோமு விடைத்தாளை விட்டுவிட்டு வெளியே போனாள். அன்று தமிழ்ப் பரீட்சை.

அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கலகலப்பான பெண். இரண்டு வருடத்தில் மூன்று வேலை மாறிவிட்டாள். போன மாதம் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது சாந்தா சொன்னாள்: "அந்த மாத்திரை மட்டும் கேட்டிருந்தா இவ எப்படி இருந்திருப்பா! நம்ம குடுத்து வச்சது அவ்ளோதான், என்ன?"

"ஆமா" என்றேன்.

நடந்தது இதுதான். அந்த மருந்தைக் கோமு பதினோரு நாள் சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாளிலிருந்து நான் கொடுக்கவில்லை. அரைப் பரீட்சை முடிந்ததும் பள்ளியிலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள். ஹிந்திப் பள்ளியில் சேர்த்தோம். தமிழ் அவளுக்கு இன்று படிக்க வராது.