தலைவர் வாசித்த செக்ரோல்

நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். இதுவரை எழுதியதெல்லாம் மற்றவர்கள் எழுதி வைத்ததைப் பார்த்து எழுதியது. சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. முன்னது பின்னதாக வரும், சில பெயர்கள் மறந்துவிட்டன. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாடக மன்றத்தின் செயலாளர் பெண், "பேசத்தானே வெக்கப்படுவீங்க பாக்கியம்மா, எழுத என்னா வெக்கம்? பிராம்ப்டர் வேலைய பத்தி புதுப் பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுங்க" என்று நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். பேனாவும் அவளுடையதுதான்.

1. முதல் நாள்

எங்கள் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். காலையில் பால் மரம் வெட்டுவேன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பேன். சாயங்காலம் மன்றத்துக்கு நாடக வசனத்தைப் படி எடுத்துக் கொடுப்பேன். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும், லாந்தர் வெளிச்சத்திலும் தெரியும் என்பதால் எனக்கு அந்த வேலை. ஒரு திருவிழா நாடகத்தன்று, மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டருக்குக் காய்ச்சல். புத்தகம் முழுக்க எழுதியவள் நான்தானே என்று என்னைப் படுதாவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

எனக்குக் குரலே வரவில்லை. ராஜா வேஷக்காரர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி என் பக்கம் நடந்து வந்து, படுதாவில் காதை வைத்து, "கேக்கல புள்ள, கொஞ்சம் ஒசத்திச் சொல்லு" என்றார். அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். முழு வரியையும் சொல்லக் கூடாது. முதல் இரண்டு வார்த்தையை, நடிகர் மூச்சு இழுக்கும் நேரத்தில் கொடுக்க வேண்டும். அவர் வாய் திறந்துவிட்டால் நாம் வாயை மூடிவிட வேண்டும். வெட்கப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஊரே கேட்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

2. தலைவர்

எங்கள் தலைவர் முனியாண்டி, மன்றத்துக்கும் தலைவர், கோயிலுக்கும் தலைவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மைக் இல்லாமலேயே செம்பனைக் காட்டில் ஆள் திரும்பிப் பார்ப்பான். ஆனால் வசனம் மட்டும் பாடம் பண்ண மாட்டார். "பாக்கியக்கா இருக்குல்ல, அப்புறம் என்னா" என்பார். நான் சொல்வதை அப்படியே வாங்கி அப்படியே சொல்வார். இடையில் யோசிக்கிற பழக்கம் இல்லை.

ஒரு தடவை அவர் தண்ணீர்ச் செம்பை மறந்துவிட்டு மேடைக்குப் போய்விட்டார். நான் பதறிப்போய், "தலைவரே, செம்ப விட்டுட்டீங்க" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, ராணியைப் பார்த்து, "தலைவரே, செம்ப விட்டுட்டீங்க" என்று முழங்கினார். ராணி அழ வேண்டிய இடம். அழுதாள்தான், ஆனால் சிரித்து அழுதாள். அதன் பிறகு நான் மேடைப் பக்கம் புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

3. தென்னாப்பிரிக்கா கதை

கோவிட் முடிந்து இரண்டு வருடம் கழித்து மன்றத்தை மறுபடி திறந்தோம். நாடகம் எழுதிக் கொடுத்தவர் செல்வமலர் டீச்சர். எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய பழைய கிராணியின் மகள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், இப்போது சிரம்பானில் இருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளைக்காரர் ஆப்பிரிக்கான்ஸ் என்கிற அவர்கள் பாஷையில் எழுதிய பெரிய நாவலை டீச்சர் இங்கிலீஷில் படித்து, தமிழில் நாடகமாக ஆக்கியிருந்தார்.

கதை இதுதான். ஒரு பண்ணை முதலாளியிடம் ஒரு பேர்ப் புத்தகம் இருக்கிறது. அதில் பேர் இருக்கிறவர்கள்தான் பண்ணையில் குடியிருக்கலாம். கடைசியில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் வாசிக்கிறான். அங்கேயே பிறந்து அங்கேயே உழைத்த ஒரு கிழவியின் பேரை மட்டும் வாசிக்காமல் புத்தகத்தை மூடிவிடுகிறான். அதோடு கதை முடிகிறது.

"அந்த மனுசன் தன்ர ஆக்களைப் பற்றித் தன்ர பாஷையிலேயே எழுதினவர். அதுதான் அவங்களுக்குச் சுட்டது. புத்தகத்தையே தடை செய்து போட்டாங்கள்" என்றார் டீச்சர்.

முதலாளி வேஷம் யாருக்கு? தலைவருக்குத்தான். கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் பிடித்திருந்தது. முடிவு மட்டும் பிடிக்கவில்லை.

"டீச்சர், துவான் மேனேஜர் முன்னால உக்காந்திருப்பாரு. கடைசியில என்னைய கெட்டவனா நிறுத்தலாமா? அந்த ஆளு மனசு திருந்தி, கெழவி பேர வாசிக்கிற மாதிரி போடுங்க. கைதட்டு வரும்லா."

"அப்பிடி மாத்தினா அது அந்தக் கதையே இல்லை, தலைவர்."

"கத அங்க நடந்தது. மண்டபம் இங்க இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முடிவை மாற்றி எழுதிக் கொடுத்தார். எழுதும்போது பேனா பேப்பரைக் கிழித்தது.

4. அஞ்சலை

அஞ்சலை எனக்கு அடுத்த நிரையில் முப்பது வருடம் மரம் வெட்டியவள். அப்போது கம்பெனி, தோட்டத்து ஓரத்தில் புது வீடு கட்டி, லயம் என்கிற பழைய வரிசை வீட்டு ஆட்களுக்குக் கொடுப்பதாக இருந்தது. கம்பெனி சொல்லித் தலைவர் போட்ட லிஸ்ட்டில் அஞ்சலை பேர் இல்லை. மாதக் கடைசியோடு லிஸ்ட் மூடிவிடும். பேர் ஏறாவிட்டால் பதினேழாம் நம்பர் லயம் இடிபடும் நாளில் அவளுக்குப் போக இடம் கிடையாது.

அவளோடு நானும் தலைவர் வீட்டுக்குப் போனேன். "நீ காண்ட்ராக்டுல வேல செஞ்சவ. செக்ரோல்ல ஒம்பேரு இல்ல" என்றார். செக்ரோல் என்றால் கம்பெனி ஆட்களின் பேர் எழுதும் பெரிய புத்தகம். உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். கோயில் கூட்டத்தில் அஞ்சலை எழுந்து, "கோயில் வளைவுல மாரியம்மா பேரவிட ஒங்க பேரு பெருசா எழுதியிருக்கே, சாமி கும்புட வர்றவங்க யாருக்குச் சூடம் காட்டுறது?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்காக நான் ஏதாவது பேச வேண்டும் என்றுதான் போனேன். என் வாயில் வந்தது, "தேத்தண்ணி நல்லாருக்கு தலைவரே" என்பது மட்டும்தான். திரும்பி வரும்போது அஞ்சலை, "நல்லா சண்ட போட்ட போ" என்றாள்.

நாடகத்துக்கு ஒரு பழைய பேர்ப் புத்தகம் வேண்டியிருந்தது. டீச்சர் தன் அப்பா வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டுப் போனபோது ஆபீஸில் வெளியே எறிந்ததாம். அசல் செக்ரோல். சனிக்கிழமை ஒத்திகையில் டீச்சர் பக்கம் புரட்டிச் சும்மா வாசித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றார். "அஞ்சலை, காத்தானின் மகள், பதினேழாம் நம்பர். பாக்கியம், இது உங்கட அஞ்சலையோ?"

"அவதான்" என்றேன்.

"நாளைக்குத் துவான் வருவார்தானே. நான் காதில சொல்லிவிடுறன்."

சொல்லிப் பயன் இல்லை என்று எனக்குத் தெரியும். துவானுக்குத் தமிழ் தெரியாது. லயத்து விஷயம் எது வந்தாலும் "விசாரித்துச் சொல்லுங்கள்" என்று தலைவரிடம்தான் கொடுப்பார். தலைவரின் மேசை டிராயரில் ஏற்கனவே அஞ்சலை கொடுத்த இரண்டு கடிதம் படுத்துக் கிடக்கிறது. செக்ரோலும் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அன்று சோறு தின்றுவிட்டு, பிராம்ப்ட் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் கிழவியின் பேரைப் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே வேறு பேர் எழுதினேன். அவசரத்தில் எழுத்து அவ்வளவு உருண்டையாக வரவில்லை.

5. ஞாயிறு, மாலை நான்கு மணி

மண்டபம் நிறைந்துவிட்டது. துவான் முன் வரிசையில், பக்கத்தில் டீச்சர் உட்கார்ந்து அவருக்கு இங்கிலீஷில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சலை மூன்றாவது வரிசை.

கடைசி சீன் வந்தது. தலைவர் கண்ணாடி போடவில்லை. "வெள்ளக்கார மொதலாளிக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று கழற்றிவிட்டார். ஆகையால் புத்தகத்தில் என்ன இருந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. பேர்களை ஒவ்வொன்றாக நான் கொடுக்க, அவர் வாசித்தார். கிழவி மட்டும் பாக்கி. தலைவர் புத்தகத்தை மூடப் போனார், நின்றார், மனம் திருந்தினார், மறுபடி திறந்தார். மூச்சு இழுத்தார்.

நான் கொடுத்தேன்.

"அஞ்சலை" என்றார் தலைவர். "காத்தான் மகள். பதினேழாம் நம்பர்."

மூன்றாவது வரிசையில் அஞ்சலை எழுந்து நின்றாள். முப்பது வருடம் காலைப் பெரட்டில், வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, பதில் சொன்ன பழக்கம், உடம்பு யோசிக்காது. "இருக்கேங்க" என்றாள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நான் அடுத்த வரியைக் கொடுத்தேன். அதில் நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, அவர் கேட்டு வாங்கிய வரி. மேடையில் அவருக்கு வேறு வழி இல்லை.

"ஒன் பேரு இந்தப் புத்தகத்துல இருக்கு. ஒன் வீட்ட யாரும் எடுக்க முடியாது."

கைதட்டு வந்தது. அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிய கைதட்டு. ஆட்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். கிழவி வேஷம் போட்ட பிள்ளை மட்டும், தன் பேர் எங்கே போனது என்று முழித்துக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளையிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

நினைவுப் பரிசு கொடுக்க மேடை ஏறிய துவான், செக்ரோலைக் கையில் எடுத்து, டீச்சர் காட்டிய பக்கத்தைப் பார்த்தார். செக்ரோலில் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் இருந்தது, அவருக்கு வாசிக்க வருமே. மூன்றாவது வரிசையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தைத் திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கொண்டுவரும்படி டீச்சரிடம் சொன்னார். தலைவரிடம் சொல்லவில்லை. அந்த வாரமே லிஸ்ட்டின் அடியில் ஒரு பேர் கையால் எழுதி ஒட்டியிருந்தது.

6. இதில் கற்றுக்கொண்டது

நாடகத்துக்கு மறுநாள் தலைவர் என் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தினார்.

"அக்கா, அந்த வரி ஸ்கிரிப்ட்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு தலைவரே. திருந்துற மாதிரி போடச் சொன்னது நீங்கதானே."

ஹேண்டிலைப் பிடித்து மோட்டாரைத் திருப்பினார். "கைதட்டு நல்லா வந்துச்சுல்ல" என்றார். இப்போது அஞ்சலைக்கு வீடு வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று கோயிலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அஞ்சலை மறுப்பதில்லை. புது வீட்டு வாசலில் உட்கார்ந்து, "ஆமா, அவரு வாயாலதான் கெடச்சிச்சு" என்கிறாள்.

டீச்சருக்குத்தான் கொஞ்சம் மனக்குறை. அந்த வெள்ளைக்காரரின் முடிவைக் கெடுத்துவிட்டோம் என்றார். நான் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: அந்த வெள்ளைக்காரர் தன் ஆட்கள் பாஷையிலேயே எழுதியதுபோல, நானும் எங்கள் தலைவர் வாயாலேயே சொன்னேன். டீச்சர் வெகுநேரம் சிரித்தார்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: புத்தகத்தில் இல்லாததைப் பிராம்ப்டர் சொல்லக் கூடாது. அதனால் சொல்வதற்கு முன்னால் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

அந்த நாவலின் பேரும் எழுதினவர் பேரும் எனக்கு வாயில் நுழையவில்லை, கையிலும் வரவில்லை. டீச்சரிடம் கேட்டு யாராவது சேர்த்துவிடுங்கள். கோவிட் முடிந்து இரண்டு வருடமா மூன்றா, அன்று அஞ்சலை மூன்றாவது வரிசையா நான்காவதா என்பதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலைவரிடம் மட்டும் கேட்க வேண்டாம். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வரியும் வராது.