க்ளைவ் ஆயில் மாற்றுகிறார்

டப்பாவின் பின்பக்கத்தை மட்டும்தான் க்ளைவ் பார்மென்ட்டர் படிப்பார். முன்பக்கம் ஏமாளிகளுக்காம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஆயில் டப்பாவை மூக்கில் இடிக்கும்படி பிடித்து, பொடி எழுத்தை எல்லாம் படித்து முடிக்கிறார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த டப்பாவுக்குப் போகிறார். எங்கள் ஊர் மில்டூராவில் சனிக்கிழமை காலை கார் உதிரிபாகக் கடைக்கு வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கவேண்டும். அலமாரியைத் துடைக்கும்போது அவரையும் சேர்த்துத் துடைத்துவிடலாமா என்று யோசிப்பதாகக் கடைக்காரர் ட்ராய் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"என்ன எடுக்கப் போற, க்ளைவ்?"

"பாத்துட்டிருக்கேன்."

"போன வாரமும் பாத்தியே?"

"போன வாரம் பாத்தது அஞ்சு-முப்பது. இன்னிக்குப் பாக்கறது பத்து-நாப்பது. ரெண்டும் ஒண்ணா உனக்கு?"

ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்கள் அவை. எதை ஊற்றவேண்டும் என்று காரைச் செய்தவர்கள் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். க்ளைவ் அதற்கெல்லாம் மசிவாரா? "அவன் எங்கயோ ஏசியில உக்காந்து எழுதுனது. நம்ம ஊரு வெயிலப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?" என்பார். வேறு யாராவது ஒரு டப்பாவை எடுத்தால், "அதையா எடுக்கற?" என்று ஒரு கேள்விதான் கேட்பார். எடுத்தவர் முகம் வெளுத்து, திரும்ப வைத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரனான நான் கைக்கு முதலில் அகப்படுவதை ஊற்றுகிறவன். என் காரைப் பார்க்கும்போதெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி பானட்டைத் தடவிவிட்டுப் போவார்.

ஆயிலை வடிகட்டும் ஃபில்டர் விஷயத்தில் இன்னும் மோசம். அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பார், ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார், இரண்டு கையிலும் ஒவ்வொன்றை ஏந்தி எடை பார்ப்பார். பழைய ஃபில்டரைத் தூக்கி எறிகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தைப் பிரித்து, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். அப்புறம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரும்புத்தூள் தேடுவார். "எஞ்சினுக்கு இதுதாம்ப்பா ரத்தப் பரிசோதனை" என்று எனக்கு விளக்கம் வேறு. அந்தக் கொடியில் பக்கத்திலேயே அவர் மனைவி நோலீனின் வெள்ளைச் சீருடை தொங்கும். காற்றடிக்கிற நாளில் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பாவம், நோலீன். புல்தரையில் பந்து உருட்டும் குழுவில் பல வருஷம் மாற்றாளாகவே உட்கார்ந்து, ஆடுகிறவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தே காலம் போனது. இந்த ஜூனில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில்தான், முதல் தடவையாக இறுதியாட்டத்துக்கு அவர் பெயரைப் போட்டார்கள். ஆட்டம் ப்ரோக்கன் ஹில்லில். மூன்று மணி நேரம் வெட்டவெளி, நடுவில் ஒரே ஒரு பெட்ரோல் பங்க். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளை இறக்கிவிடுவார்கள். அதனால் தன் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு ஆயில் மாற்றிக்கொள்கிறேன் என்றார்.

"கண்டவன் கையும் நம்ம எஞ்சின்ல படக்கூடாது. நான் பாத்துக்கறேன்" என்றார் க்ளைவ்.

"எனக்கு வண்டி ஓடுனா போதும், க்ளைவ். அது எதக் குடிச்சா எனக்கென்ன?"

இந்தக் கேள்விக்காக அவர் இரண்டு நாள் நோலீனோடு பேசவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பார்த்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்கினார். எதை வாங்கினார் தெரியுமா? கையேட்டில் போட்டிருந்த அதே ஆயில்! அன்றைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "பூனக்குட்டி மாதிரி இருக்கு" என்று தெருவுக்கே அறிவித்தார்.

மறுநாள் காலை நல்ல குளிர். வெள்ளைச் சீருடை, பந்துப் பையோடு நோலீன் காரில் ஏறிச் சாவியைத் திருகினார். வழியனுப்ப நானும் வேலி ஓரம் நின்றேன். எஞ்சின் ஒரு உறுமல் உறுமியது. அவ்வளவுதான், காருக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் ஆயில் கொட்டி, சிமெண்டுத் தரையெல்லாம் ஓடியது.

"நிறுத்து! நிறுத்து!" க்ளைவ் கையிலிருந்த டீ சிந்தியது.

"என்னாச்சு?"

"ஃபில்டர் மோசம். இப்பல்லாம் எவன் ஒழுங்கா செய்யறான்?" என்று சொல்லிக்கொண்டே காருக்கு அடியில் படுத்துவிட்டார்.

நோலீன் இறங்கி அந்த ஆயிலைப் பார்த்தார். "இந்த ஒரு நாளத்தான் கேட்டேன் அவர்ட்ட" என்றார் என்னிடம். நான் உள்ளே ஓடிப் போய் என் கார்ச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"அவ்வளவு தூரம் தாங்குமா?"

"தாராளமா."

"இரு, இரு! அதுல என்ன ஆயில் ஊத்திருக்கான்னு மொதல்ல கேளு!" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"வாய மூடு, க்ளைவ்."

நோலீன் பந்துப் பையை என் காரில் வைத்துவிட்டு வந்தபோது க்ளைவ் வெளியே வந்திருந்தார். முழங்கைவரை ஆயில். ஒரு கையில் புது ஃபில்டர், இன்னொரு கை மூடியிருந்தது.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டு."

திறந்தார். ஒரு கறுப்பு ரப்பர் வளையம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுக்காமல் புதியதைத் திருகினால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, முதலில் தாங்கினாலும் குளிரில் கெட்டியான ஆயில் அழுத்தும்போது பீய்ச்சிவிடும். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். தடவிப் பார்க்காத முட்டாள்களைப் பற்றி எங்கள் தெருவில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வகுப்பெடுத்தவர் க்ளைவ்தான்.

"இது புதுசோடதா?"

அவர் தரையைப் பார்த்தார். "பழசோடது."

நோலீன் அந்த வளையத்தை எடுத்தார். க்ளைவின் சட்டை மார்பிலேயே அதை முன்னும் பின்னும் நன்றாகத் துடைத்தார். பிறகு வளையலைப் போலத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, என் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.