சகலை வீட்டுத் தண்ணீர்

எனக்கும் என் சகலைக்கும் ஒரே தண்ணீர்தான். ஜார்ஜ்டவுனில் ஒரே அடுக்குமாடியில் இருக்கிறோம். நான் நான்காவது மாடி, என் மனைவியின் தங்கையைக் கட்டிய அவர் ஒன்பதாவது மாடி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற அதே தண்ணீர்தான் இரண்டு வீட்டுக் குழாயிலும் வருகிறது. அவர் வீட்டு மீன்தொட்டியில் அந்தத் தண்ணீர் காடு வளர்த்தது. சிவப்பு இலை, பச்சை இலை, மரவேரில் பாசி, நடுவில் ஊசி ஊசியாக மின்னும் முப்பது நியான் மீன். எனக்கு அந்தத் தொட்டியைப் பார்த்தாலே வயிறு எரியும். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பொறாமைதான்.

அடுத்தவன் கார் வாங்கினால் பொறாமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படியில்லை. சகலை புதுக் கார் எடுத்தபோது முதல் ஆளாகக் கைகுலுக்கினேன். தொட்டி விஷயம் வேறு. என் மகளுக்குப் பத்து வயது. டியூஷன் முடிந்ததும் நேராக ஒன்பதாவது மாடிக்குப் போய்விடுவாள். அந்தத் தொட்டியின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நான் போய்க் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பாரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்தால், கதவருகே அவளுடைய சிலிப்பர் இருக்காது. எல்லா நாளும் இருக்காது.

அதனால்தான் நானும் ஒரு தொட்டி வாங்கினேன், அவர் வைத்திருந்த அதே சிவப்புச் செடியும் நியான் மீனுமாக. மீன் ஆசை என்று வீட்டில் சொன்னேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. மகளும் நானும் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போனோம். ஒரு பிஸ்கட் டின் நிறையச் சிப்பி பொறுக்கினாள். உடைந்ததை எடுக்க மாட்டாள். ஒவ்வொன்றையும் தண்ணீரில் அலசி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டின்னில் போடுவாள். வீட்டுக்கு வந்து தொட்டி மணலில் அவற்றை இரண்டு வரிசையாக நட்டாள். மீன்கள் வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிற ஜாலான் என்றாள். அந்தச் சாலையின் முடிவில் இருந்த கல்தான் வீடு. இரண்டு வாரம் என் மகள் என் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கதவருகே சிலிப்பர் இருந்தது.

மூன்றாவது வாரம் செடி மஞ்சளாகத் தொடங்கியது. கடையில் சிவப்பு இலை என்று கொடுத்தது பழைய துணி மாதிரி வெளுத்தது. நியான் மீன்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பார்க்க ஒன்றும் இல்லாத தொட்டியின் முன்னால் எந்தப் பிள்ளை உட்காரும்? சிலிப்பர் மறுபடியும் மேலே போய்விட்டது.

அந்த மாதம் ஒரு ஞாயிறு சகலை குடும்பம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. அவர் கையோடு ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்திருந்தார். வயதில் எனக்கு ஆறு வருடம் சின்னவர், வாய்க்கு வாய் அண்ணே என்பார். ஒரு தடவையாவது மரியாதைக் குறைவாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கண்ணாடிக் குழலில் என் தொட்டித் தண்ணீரை எடுத்து மூன்று சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் நல்ல நீலமாக மாறியது. பி.எச். என்பது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண். ஏழு என்றால் நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே சுண்ணாம்புக் குணம். நியான் மீனுக்கும் அந்தச் சிவப்புச் செடிக்கும் ஏழுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டுமாம். என்னுடையது எட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு சிரித்தபடி சொன்னார்.

"தப்பா நெனக்காதீங்க அண்ணே. உங்க தண்ணி குராங் ஆசாம்லா."

வீடே சிரித்தது. மலாயில் அதற்கு நேர்ப்பொருள் புளிப்பு குறைவு என்பது. ஆனால் மரியாதை தெரியாதவனைத் திட்டுவதற்கும் இந்த ஊரில் அதே சொல்தான். அவர் தண்ணீரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? தண்ணீரைத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். இருந்தும் என் வீட்டில், என் சோற்றைத் தின்றுவிட்டு, என் மகள் முன்னால் என்று அன்று முழுக்க மனம் அரற்றிக்கொண்டிருந்தது. வாரா வாரம் தானே வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். எனக்குத் தெரியும் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு என்ன தெரியும்? ஆசாம் குறைவு என்றால் ஆசாம் போட வேண்டும் என்று தெரியும். சமையலறைக்குப் போய் ஆசாம் கெப்பிங் பாக்கெட்டைத் தேடி எடுத்தேன். லக்சாவுக்கும் மீன் குழம்புக்கும் போடுகிற காய்ந்த புளித்துண்டு. நான்கு துண்டைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தொட்டியில் ஊற்றினேன். மீன் இருக்கு, புளி இருக்கு, மிளகாய்த்தூள் மட்டும்தான் பாக்கி என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை. சகலையிடம் கேட்காமல் நானும் அதே சோதனை மருந்தை வாங்கி வைத்திருந்தேன். சோதித்தேன். தண்ணீர் நீலத்திலிருந்து பச்சைக்கு வந்து, மஞ்சளையும் எட்டிப்பார்த்தது. கண்ணாடிக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்று தனியாகச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் நீலம். ஆறு துண்டு போட்டேன். சாயங்காலம் மஞ்சள், காலையில் நீலம். எட்டுத் துண்டு போட்டேன். யாரோ என்னை வேண்டுமென்றே சீண்டுவது போல இருந்தது. என் தண்ணீருக்கு இல்லாத புளிப்பெல்லாம் என் வயிற்றில் இருந்தது. நான்காம் நாள் நான்கு நியான்கள் வயிறு மேலாக மிதந்தன.

மகள்தான் முதலில் பார்த்தாள். அழவில்லை. வலையால் ஒவ்வொன்றாக எடுத்து டிஷ்யூவில் வைத்தாள்.

"அப்பா, சித்தப்பாகிட்ட கேளுங்கப்பா. அவருக்குத் தெரியும்."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. சித்தப்பாவைக் கேட்காமலே நான் செய்வேன் என்று சத்தமாகச் சொன்னேன். அவள் டிஷ்யூவை மடித்துக்கொண்டு வெளியே போனாள். செத்த மீனை எடுத்துக்கொண்டும் ஒன்பதாவது மாடிக்குத்தான் போனாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெலுத்தோங்கில் ஒரு மீன் கடைக்குப் போனேன். தொட்டியிலிருந்து ஒரு கை மணலும் ஒரு சிப்பியும் கட்டி எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரச் சீனப் பெரியவர் என் ஆசாம் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்லவர். மணல் மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. சிப்பி மேல் ஊற்றினார். புசுபுசுவென்று நுரைத்தது. சிப்பி என்பது சுண்ணாம்பு, நீ போடுகிற புளிப்பையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக அது தின்றுவிடுகிறது என்றார் மலாயில். ஏழரையிலும்கூட மீன் எப்படியோ பழகிக்கொள்ளுமாம். சாயங்காலம் ஆறு, காலையில் எட்டு என்று ஏற்றி இறக்கினால் எதுவும் தாங்காதாம். எண்ணைத் துரத்தாதே, நிற்கவை என்றார்.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். சகலைக்குத் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று அரை நாள் லீவு போட்டேன். மகள் டியூஷனில் இருந்த நேரத்தில் தொட்டியைக் காலி செய்து, சிப்பிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, கதவுக்கு வெளியே குப்பையோடு வைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்த நேரத்தில் அவை என் கண்ணுக்குச் சிப்பியாகத் தெரியவில்லை, எட்டு என்கிற எண்ணாகத்தான் தெரிந்தன.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தண்ணீரைப் புளிப்புப் பக்கம் பிடித்துவைக்கிற மண்ணைக் கடைக்காரர் சொல்லி வாங்கிப் போட்டேன். ஊறவைத்த மரத்துண்டு ஒன்று. சாலையோரக் கெத்தாபாங் என்கிற நாட்டு வாதுமை மரத்தடியில் பழுத்து விழுந்த இலையைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, இரண்டு இரண்டாகப் போட்டேன். தண்ணீர் இளம் தேயிலை நிறத்துக்கு வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்குத் தண்ணீர் மாற்றினேன், அதற்கு மேல் கை வைக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் எண் ஆறரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காலையிலும் அதே, சாயங்காலமும் அதே. செடி சிவந்தது. புது நியான்கள் கூட்டமாகச் சுற்றின.

சகலையை வரச்சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தன் தொட்டியைவிட இதில் சிவப்பு நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். மனதாரச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்தேன். மகளும் வந்து பார்த்தாள். அழகாக இருக்கிறதுப்பா என்றாள். உட்காரவில்லை. மறுநாளும் கதவருகே சிலிப்பர் இல்லை.

எனக்குப் புரியவில்லை. அதே மீன், அதே செடி, சிவப்பு இன்னும் நன்றாகவே இருக்கிறது. இன்னும் என்ன? அவளைச் சாப்பிடக் கூப்பிட மேலே போனேன். அவள் சித்தியோடு சமையலறையில் இருந்தாள். ஹாலில் சகலையின் தொட்டிக்குப் பக்கத்தில், அலமாரி மேல், ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. அதற்குள் எங்கள் சிப்பிகள். கழுவித் துடைத்து, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கப்பட்டிருந்தன. நான் அவரைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குப்பையிலேர்ந்து எடுத்துட்டு வந்தா அண்ணே. உங்ககிட்ட சொல்ல வேணாம்னா. தொட்டில போட முடியாதும்மா, பி.எச். ஏறிடும்னு சொல்லி பாட்டில்ல வெச்சுக் குடுத்தேன்."

"ஒனக்கு அன்னிக்கே தெரியுமா தம்பி, சிப்பிதான்னு?"

"தெரியும் அண்ணே. புள்ள பக்கத்துல நிக்கிறா, எப்படிச் சொல்றது? அத எடுக்காம என்ன செய்யலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

குராங் ஆசாம் என்ற சொல் ஞாபகம் வந்தது. இந்த முறை அது தண்ணீரைச் சொல்லவில்லை.

அவர் தொட்டியைப் பார்த்து இப்போது எனக்கு வயிறு எரிவதில்லை. அந்த பாட்டிலைப் பார்த்தால் எரிகிறது. கீழே எடுத்துக்கொண்டு போகலாமா என்று மகளிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். வேண்டாம்ப்பா, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.