கிளவுஸைக் கழற்றச் சொன்னவன்

என் அக்கா முனவர் பேகத்தின் கணவர் காஜா மொய்தீன் ஒல்லியான ஆள். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். சாமல்பட்டியில் பிறந்து, எழுபத்தொன்பதில் ரயிலேறி வந்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். லேத் வேலைக்கு விரல்தான் மூலதனம். அதனால் வீட்டில் தேங்காய் உடைக்கக்கூட அக்காவைத்தான் கூப்பிடுவார். அவர்கள் வீட்டிலேயே இருந்த நான் கேலி செய்தால், "அதியா, இந்தக் கை சோறு போடற கை, அதுக்கு எதுக்கு வீண் வம்பு?" என்பார்.

அவரோடு அதே ரயிலில் வந்தவன் ராஜப்பன். ஊரில் பக்கத்து வீட்டுக்காரன். ஓசூரில் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் பொங்கித் தின்றவர்கள். அக்கா கல்யாணமாகி வந்தபோது, 'இவன்தான் எனக்குக் கூடப் பிறக்காத பிறப்பு' என்று மச்சான் அவனைத்தான் முதலில் காட்டினாராம். நோன்புக் கஞ்சி அவனுக்குத் தனித் தூக்கில் போகும். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், பெங்களூர் அதிகாரிகளிடம் கன்னடம் என்று வாயாலேயே மேலே வந்தவன். தொழிலாளர் நல மன்றத்துக்குச் செயலாளரும் ஆனான்.

மன்றத்தின் வேலையே ஆண்டு விழாதான். லீவு போடாமல் வந்தவர்களுக்கு இரும்பு பீரோ பரிசு. பெயரைக் கூப்பிட்டதும் நான்கு தொண்டர்கள் பீரோவை மேடைக்குத் தூக்கி வந்து, விருந்தாளி முன்னால் நிமிர்த்தி வைக்க வேண்டும். விருந்தாளிகள் உட்காரும் தேக்கு சோபாக்களையும் கெஸ்ட் ஹவுஸிலிருந்து இவர்களே சுமந்து வர வேண்டும். கூலி கிடையாது. சட்டையில் ஒரு ரிப்பன் பேட்ஜ், முடிந்ததும் ஒரு பொட்டலம் புளியோதரை.

முதல் வருஷம் சோபாக் கால் விழுந்து வெங்கடப்பன் என்கிற தொண்டரின் கட்டைவிரல் நகம் பிய்ந்துவிட்டது. தொண்டர்களில் ஒருவரான மச்சான் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"ஒக்கார்றவனுக்கு மெத்த போட்டு வெச்சிருக்கானுங்க. தூக்கறவன் கைக்கு ஒரு துணி ஓணும்னு எவனுக்காவது தோணுச்சா?"

மறுவாரமே வெல்டிங் பகுதியில் தூக்கிப்போட்ட பழைய தோல் கிளவுஸ்களை ஒரு சாக்கு நிறையக் கேட்டு வாங்கி வந்தார். நானும் அக்காவும் கருகிய இடத்தை வெட்டியெறிந்துவிட்டு, நல்ல தோலைத் தடித்த காடாத் துணியில் வைத்துக் கோணி ஊசியால் தைத்தோம். பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்தது. ஆனால் பீரோவின் தகர விளிம்பு கையைக் கிழிக்காது.

இன்னொரு வழக்கமும் அவரே கொண்டுவந்தார். பீரோவை இறக்கும்போது அவர் "கட்டை!" என்பார். ஒருவன் தரையில் இரண்டு மரக்கட்டைகளைத் தள்ளுவான். பீரோவின் அடி கட்டையில் உட்காரும், எல்லோரும் விரலை எடுப்பார்கள், பிறகுதான் நிமிர்த்துவது. அடிப்பக்கம் பிடிக்கிறவனுக்குத்தான் ஆபத்து என்பதால் அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை. அதற்குப் பிறகு வந்த விழாக்களில் ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை. தொண்டர்களின் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "உங்க மச்சான் புண்ணியம்" என்பார்கள். இதை நன்றாக நினைவு வைத்துக்கொண்டிருக்கிறேன். எப்படி மறப்பேன்?

எண்பத்தாறாம் வருஷ விழாவுக்குப் பெங்களூரிலிருந்து புது டைரக்டர் வந்தார். ராஜப்பனுக்கு சூப்பர்வைசர் பதவி வரப்போகிற நேரம். மனுஷன் தரையில் நடக்கவில்லை. மேடையில் சிவப்புக் கம்பளம், பெங்களூர் போட்டோக்காரர், தொண்டர்களுக்கு ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. நானும் அக்காவும் மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். பீரோவோடு படியேற நின்றவர்களை ராஜப்பன் மறித்தான்.

"கிளவுஸ எல்லாம் கழட்டுங்கப்பா. வெள்ளச் சட்டைக்குக் கீழ கந்தலக் கட்டுன மாதிரி கீது. அந்த அழுக்குக் கட்டையும் ஓணாம், கம்பளம் கெட்டுடும்."

"கட்ட இல்லாம நான் எறக்க மாட்டன், ராஜப்பா," என்றார் மச்சான்.

"அட, என்ன நம்ப மாட்டியா? அடிப்பக்கம் உன்கூட நானே புடிக்கறன். வா."

 மச்சான் கிளவுஸைக் கழற்றி அக்கா மடியில் போட்டுவிட்டு ஏறினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டார்.

மேடையில் பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தரைக்கு ஒரு சாண் இருக்கும். டைரக்டர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். அவரைக் கண்டதும் ராஜப்பன் பீரோவை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினான். பெரிய மனிதர் வந்தால் கும்பிட வேண்டும், கையில் என்ன இருந்தால் என்ன! அடிப்பக்கத்துப் பாரம் முழுவதும் மச்சானின் வலது கையில் இறங்கியது. அவர் போட்ட சத்தம் பந்தலின் கடைசி வரிசைவரை கேட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

தையல் பிரித்த பிறகு கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். கம்பெனி விழாவில் நடந்த விபத்து என்றால் வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கட்டுப் போட்ட கையோடு தனியாக அனுப்ப அக்காவுக்கு மனமில்லை. துணைக்கு நான் போய், அறை வாசலில் திறந்திருந்த கதவோரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மச்சானுக்கு பயமே இல்லை. "ராஜப்பன் நடந்தத சொன்னா போதும் அதியா. அவன் சொல்லுவான்," என்றார்.

ராஜப்பன் சொன்னான். "காஜா எனக்குத் தம்பி மாதிரி, சார். ஆனா பொய் சொல்ல முடியாதுங்களே. போட்டோவுல நல்லா தெரியணும்னு அவனேதான் கிளவுஸக் கழட்டுனான். கட்ட கூட வேணான்னுட்டான். நான் பீரோவத் தொடவே இல்லீங்க சார்."

வீட்டு ஆள் சாட்சி எடுபடாது என்று எங்களைக் கேட்கவில்லை; டைரக்டரை யார் கேட்பது? அதிகாரி அன்று பீரோ தூக்கிய தொண்டர்களைக் கேட்டார். கங்கப்பன், "நான் கவனிக்கலீங்க" என்றான். முனிராஜ், "அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தங்க" என்றான். மச்சான் வெங்கடப்பனை மட்டும் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்திருக்கிறார். நகம் பிய்ந்த அந்த வெங்கடப்பன், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வாசலில் என்னைத் தாண்டி ஓடாத குறையாகப் போனான். அடுத்த மாதம் ராஜப்பன்தான் அவர்களுக்கு சூப்பர்வைசர். அது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் தைத்துக் கொடுத்ததைப் போட்டுப் பிழைத்த விரல்களில் ஒன்றுகூட அவனை நோக்கி நீளவில்லை.

மச்சானை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே ராஜப்பன் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தான். என்ன துணிச்சல்! நான் கதவைச் சாத்தப் போனேன். மச்சான் தடுத்து, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "நெசத்த சொல்லியிருந்தா என் வேலையும் போயிருக்கும், காஜா. ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும். இப்ப ஒரு குடும்பம்தான. நான் உள்ள இருந்தா உனக்கு எதனா செய்யலாம்னுதான்..."

மச்சான் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"சரி ராஜப்பா. அந்த ஒரு குடும்பம் ஏன் என்னுதா இருக்கணும்? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

 ராஜப்பன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். டீயைத் தொடவில்லை.

பிறகு நாங்கள் கிருஷ்ணகிரிக்குக் குடிபோனோம். மச்சான் அங்கே ஒரு மாங்காய் மண்டியில் காவலுக்கு நின்று தன் இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்தார். விரல் போன அன்று ஆஸ்பத்திரியில் அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. ராஜப்பன் படியிறங்கிப் போன பிறகுதான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.