எட்டு நிமிட அப்பா

சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் கறிவேப்பிலை வாங்க நின்றபோது அந்த வதந்தி என் காதில் விழுந்தது. பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்கில் ஒருவர் இருக்கிறாராம். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளை ஏசுவதுதான் அவருக்கு வேலையாம். அவர் ஏசிய ஏச்சில் ஒரு பெண் படிப்பையே விட்டு ஓடிவிட்டாளாம். சொன்னவர் அதை ஏதோ சாதனை போலச் சொன்னார். வதந்தியில் பாதியாவது பொய்யாக இருக்கும் என்பது என் அனுபவம். எந்தப் பாதி என்று பார்க்கக் கிளம்பினேன்.

ஆள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே கிடைத்தார். ஒரு தூணைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார். முதலில் தாழ்ந்த குரல், பிறகு தூணில் ஓர் அடி, பிறகு நீட்டிய விரல். பக்கத்தில் சதுரங்கம் ஆடிய சீனப் பெரியவர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. பழகிவிட்டது.

வேலாயுதத்துக்கு வயது அறுபத்து நான்கு. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு பயணியிடமும் குரல் உயர்த்தியதில்லை என்று மனைவி கமலா சத்தியம் செய்கிறார். வீட்டில் எப்படி என்று கேட்டால், "வீட்டுல கத்துறதுக்கு நான் ஒருத்தி போதும் லா," என்கிறார். ஆனால் பயணிகள் அவரிடம் கத்தியதெல்லாம் அவருக்குள் பத்திரமாக இருக்கிறது. கேலாங்கில் நிறுத்தத்தைத் தவறவிட்ட அம்மாள், மழையில் கதவு மூடிக்கொண்டதால் நனைந்த ஆபீசர் என்று ஆளாளுக்கு நான்கு மொழிகளிலும் கொடுத்துவிட்டுப் போன ஏச்சு. ஓய்வுபெற்ற பிறகு அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

ஒரு மருத்துவக் கல்லூரி, தன் மாணவர்கள் சுலபமாக மனம் உடைந்துபோகிறார்கள் என்று கண்டுபிடித்தது. அவர்களுக்கு மீள்திறன் ஊட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு தடவிக்கொடுக்க ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவதாக வேலாயுதம் வந்தார். அறுவை சிகிச்சையில் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக அவர் நடிக்க வேண்டும். மகளின் பெயர் தாரணி, வயது இருபத்து நான்கு. மாணவர் எதிரே உட்கார்ந்து சாவுச் செய்தியைச் சொல்வார்; அப்பா எட்டு நிமிடம் ஏசுவார்; மாணவர் ஓடக்கூடாது. முடிந்ததும் இருவருக்கும் பிஸ்கட். நாய்க்கும் அதே பிஸ்கட்டா என்று விசாரித்தேன்.

ஓடிய பெண் உண்மைதான். பெயர் ரோஷினி, மூன்றாம் ஆண்டு. படிப்பை விடவில்லை, விடுப்பில் போயிருக்கிறாள் என்பது வரை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திரும்பி வருவாளா என்று கல்லூரி சொல்லவில்லை.

"நடிக்கிறதுக்குக் குடுத்த கார்டுல இங்கிலீஷ்லதான் பேசணும்னு போட்டிருக்கு," என்றார் வேலாயுதம். "சட்டையில பேரைப் பார்த்தேன். நம்ம பிள்ளை. வாய் தன்னால தமிழுக்குப் போயிடுச்சு."

போன வாய், கார்டில் இல்லாத ஒன்றையும் கேட்டிருக்கிறது. என் பொண்ணு செத்துட்டான்னு சொல்ல வந்தியே, அவ பேரு என்ன, சொல்லு. ரோஷினிக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை. ஆங்கிலத்தில் ஏசிய வரையில் அது வகுப்பாக இருந்தது. தமிழில் ஏசியதும் வீடாகிவிட்டது. மூன்றாவது நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு போனவள் பையைக்கூட எடுக்கவில்லை.

அன்றிலிருந்து தூணைத் தவிர யாரையும் ஏச இவருக்குப் பயம். நாளிதழ் வந்தால் முதலில் மரண அறிவிப்புப் பக்கம்; இளம் முகம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் காப்பி. கல்லூரியின் போன் என்றால் கமலாவிடம் நீட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்விடுகிறார். அவருக்கும் பவித்ரா என்று ஒரு மகள், அதே இருபத்து நான்கு வயதில். அவள் வேலையிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் லிஃப்ட் முன்னால் போய் நிற்கிறார்.

போன வாரத்துக்கு முந்தைய வாரம் கமலா எடுத்த போனில் செய்தி வந்தது. ரோஷினி திரும்பி வருகிறாள். இந்த முறையும் பாதியில் எழுந்தால் ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அதே அப்பாதான் வேண்டுமென்று அவளே கேட்டிருக்கிறாள். ஆனால் ஆங்கிலம் மட்டுமே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அவள் வந்த அன்று வேலாயுதத்தோடு நானும் போனேன்; கல்லூரியில் நோயாளியாக நடிக்க ஆள் பற்றாக்குறை. எனக்கும் நான்கு நாள் வயிற்றுப்போக்கு ஒதுக்கினார்கள். அதனால் காத்திருப்பு அறையின் திரையில் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

ரோஷினி மனப்பாடம் செய்ததைப் போலச் செய்தியைச் சொன்னாள். வேலாயுதம் ஆங்கிலத்தில் ஏசினார். அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் இயந்திரம்கூட அதைவிடக் கோபமாகப் பேசும். மேசைக்கு அடியில் அவர் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அவள் பாடப்புத்தகத்திலிருந்து பதில் சொன்னாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்தபடியே நான்கு நிமிடம் போனது.

பிறகு அவள் பேனாவை மூடினாள்.

"அங்கிள், தமிழ்லயே ஏசுங்க. நான் எந்திரிச்சுப் போகமாட்டேன்."

வேலாயுதம் கதவைப் பார்த்தார். போய்விடலாமா என்று யோசித்தது அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, ஏசாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என் பொண்ணு பேரு என்ன?"

"தாரணி." அவள் நாற்காலி நகரவில்லை. "தாரணி, அங்கிள். அவங்க தனியா இல்ல. கடைசி வரைக்கும் நாங்க பக்கத்துல இருந்தோம்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். மணி அடிக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவம் ஒன்று உண்டாம். அதன் கடைசிக் கேள்வி: உங்கள் குடும்பத்தில் இப்படி நேர்ந்தால், இதே மருத்துவர் வந்து சொல்வதை விரும்புவீர்களா? ஆம் அல்லது இல்லை. ஒரு டிக் போதும். அது வந்தால்தான் ரோஷினியின் மதிப்பெண் பதிவாகும். கல்லூரி மூன்று முறை கேட்டுவிட்டது.

"ஆமான்னு போட்டா பவித்ராவுக்கு ஏதோ ஆன மாதிரி இருக்கு," என்கிறார். "இல்லேன்னு போட்டா அந்தப் பிள்ளை ஃபெயில் லா. பொய் வேற."

நேற்றும் போய்ப் பார்த்தேன். நாளைக்குக் கட்டாயம் கொடுத்துவிடுவேன் என்றார். படிவத்தைக் காட்டுங்களேன் என்று கை நீட்டினேன். அவர் சட்டைப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.