பிடிமானச் சோதனையில் வழுக்கிய கான்கிரீட்

இன்று காலை லேப்பில் என் மாஸ்டர்ஸ் படிப்பு வழுக்கிக்கொண்டு போவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

விஷயம் இதுதான். இரும்பு பைப்புக்குள் கான்கிரீட் ஊற்றி இறுகவிட வேண்டும். பிறகு மெஷினில் வைத்து, உள்ளே இருக்கும் கான்கிரீட்டை மட்டும் அழுத்தித் தள்ள வேண்டும். எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு நல்ல பிடிமானம்.

(கட்டடத் தூணில் இரண்டும் ஒட்டிக் குடும்பம் நடத்த வேண்டும் அல்லவா.)

மொத்தம் ஆறு பைப். பாலிக் புலாவில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் கணேசன் அண்ணன்தான் கான்கிரீட் ஊற்றிக் கொடுத்தார். இருபத்தெட்டு நாள் இறுகவிட்டு, இன்று தன் லாரியிலேயே கொண்டுவந்து இறக்கினார்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். மறுபடி ஊற்றிக் காத்திருக்க நேரமே இல்லை.

முதல் பைப்பை மெஷினில் வைத்தோம். லேசாக அழுத்தியதுமே கான்கிரீட் சமர்த்தாகக் கீழே இறங்கி வந்துவிட்டது.

இரண்டாவதும் அப்படியே.

என் ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னம்மா இது, புட்டுக் குழாயா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்த கணேசன் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, பைப்புக்குள்ள ஏதாச்சும் பூசினீங்களா?"

"பூசாமையா? கான்கிரீட் பலகையில ஒட்டாம இருக்கப் பூசுவோமே, அந்த எண்ணெய்தான் லா. கைய உள்ள விட்டு நல்லா தேச்சேன்."

"ஏண்ணே?"

"நீதானே தங்கச்சி சொன்னே, கடைசியில கான்கிரீட்ட வெளிய தள்ளணும்னு. நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

(தள்ள முடிகிறதா என்று பார்க்கப்போகிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என் வாயில்.)

உள்ளே வந்து மேடத்திடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பைப்பையும் பார்த்தோம். எல்லாமே புட்டு.

ஆறாவது மட்டும் அசையவில்லை. மெஷின் முனகியது, திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தலைப்ப மாத்திடும்மா. எண்ணெய் பட்டா பிடிமானம் என்ன ஆகும்னு எழுது. அஞ்சு பட்டது, இது ஒன்னு மட்டும் படல போல. மீதிய நான் பேசிக்கிறேன்."

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

அதற்குள் கணேசன் அண்ணன் மெதுவாக என் பக்கம் வந்தார். முகம் வாடிக் கிடந்தது.

"மன்னிச்சிரு தங்கச்சி. அந்த ஒன்னுக்கு மட்டும் எண்ணெய் பத்தல."