செல்வி தரை இறங்கியபோது நான் மலை இறங்கிக்கொண்டிருந்தேன்

அம்மனை நம்பி இருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

போன சித்திரையில், எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் மூன்றாம் நாள். காலை எட்டு மணிக்கு குவைத்திலிருந்து போன் வந்தது. என் மனைவி செல்வி அங்கே வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம். அங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்யும், எங்கள் பக்கத்து ஊரான ஹாலிஎலப் பெண்தான் பேசினாள். "அண்ணே, அக்காவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துருச்சு. பேச்சும் வரல. வீட்டுக்காரங்க சொல்லாம கொள்ளாம பிளேன் ஏத்திட்டாங்க. இப்பதான் கெளம்புச்சு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குவைத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிளேனுக்கு ஐந்து மணி நேரம். தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து கட்டுநாயக்கா இருநூற்றுச் சொச்சம். வேனுக்கு எட்டு மணி நேரம். கடல் தாண்டி வருகிறவள் ஒரு மணிக்கெல்லாம் இறங்கிவிடுவாள். அந்த நிமிஷமே கிளம்பினாலும் நான் போய்ச் சேர நாலு மணி. பேச முடியாதவள், போன்கூட இல்லாதவள், அதுவரை யாரிடம் என்ன சொல்வாள்? கொழும்பில் இருக்கும் மச்சான் போனை எடுக்கவில்லை.

அதற்கு மேல், நான் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தேன். கையில் அந்த மஞ்சள் கயிறு ஏறினால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்று பயந்து, கோயில் வாசலில் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பூசாரிதான் கோபமாகச் சொன்னார்.

"காப்ப அவுக்காத. அப்படியே போ. ஆத்தாளும் ஒங்கூடத்தான் வருவா."

வழியெல்லாம் மழை. ஹப்புத்தளைக்குக் கீழே மண் சரிந்து, வாகனங்களை ஒவ்வொன்றாக விட்டார்கள். மலை இறங்கி முடிவதற்குள் மணி ஒன்று ஆனது. செல்வி இறங்கியிருப்பாள். டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். பிறகு அம்மனிடமே சண்டை போட்டேன். "எனக்குன்னு ஒண்ணும் கேக்கல தாயே. நான் போய்ச் சேருற வரைக்கும் அவ பக்கத்துல இரு." அழுதுகொண்டே இதையே சொல்லிக்கொண்டு போனேன்.

போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. வெளியே சக்கர நாற்காலியில் செல்வி. பக்கத்தில் ஒரு சிங்களப் பெண், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அதே பிளேனில் வந்த மொனராகலை ஊர்க்காரர். அவரை அழைத்துப் போக வந்த பிள்ளைகளும் அவ்வளவு நேரமும் வேனில் காத்திருந்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இவளைத் தனியே விட்டுப் போனால் வீட்டில் தனக்குச் சோறு இறங்காது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால் அவரை அங்கே உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். செல்வி இடது கையால் என் சட்டையைப் பிடித்தவள், திரும்பும் வழியில் எங்கள் பக்கத்துப் பண்டாரவளை வரும்வரை விடவில்லை.

விரதம், எல்லை என்று பயந்து பயந்தே சாமி கும்பிட்டவன் நான். இப்போது லயத்தில் யாருக்காவது ஆபத்து என்றால், வெள்ளிக்கிழமைப் பூசையைப் பாதியில் விட்டுவிட்டும் ஓடுகிறேன். அம்மன் கோபிப்பாள் என்று தோன்றுவதே இல்லை.

உங்கள் ஆள் ஒருவர் தூரத்தில் தவித்து, உங்களால் போய்ச் சேர முடியாமல் நின்றால், அம்மனிடம் கேளுங்கள். என்னைப்போல் வாசலில் நின்று யோசிக்காதீர்கள், கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். செல்விக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.